திறப்பை ஊரில் இருப்பவர்களிடம் கொடுங்கள்: டிரான்சில்வேனிய சாக்சன் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊர்ச் சங்கத்தவர்களே,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் நோர்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் வாழும் ஈழத்தமிழன். உங்கள் ஆட்கள் 1966இல் பெரிய குடியிருப்பு அமைத்துக்கொண்ட டிராபெண்டர்ஹோஹே இங்கிருந்து அவ்வளவு தூரமில்லை. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் சாக்சன்கள், ருமேனியாவின் டிரான்சில்வேனியாவிலிருந்து வந்த ஜேர்மானியர்கள். மதிய இடைவேளையில் ஊர்க்கதை கதைத்துக் கதைத்தே உங்கள் கிராமங்களின் பேர்கள் எனக்குப் பழகிப்போயின. அப்புறம் அவர்களில் ஒருவரோடு ருமேனியாவில் அவருடைய ஊருக்கே போனேன். அன்றிலிருந்து அந்தக் கிராமங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை.

எங்களுக்கும் ஊர்ச் சங்கம் இருக்கிறது. எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்குப் பக்கம். 1990 ஜூனில் சண்டை மூண்டபோது ஊரோடு வெளிக்கிட்டோம். உங்களில் மிகப் பலர் ஜேர்மனிக்குப் புறப்பட்டதும் அதே 1990இல்தான். எங்களைத் துரத்தியது செல்லடி. உங்களுக்குத் திறந்தது எல்லை. இரண்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் தூரதேசத்தில் காசு சேர்த்து, ஊரில் நிற்கும் ஒரு கோயிலைப் பற்றி இங்கே ஒரு மண்டபத்தில் கூடி முடிவெடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பதும் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இந்த மடலை என் மகள் ஜேர்மன் மொழியில் எழுதித் தருவாள். முதலில் தமிழில் எழுதுவதற்குக் காரணம், எங்கள் சங்கத்தவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோட்டைத் தேவாலயங்களின் திறப்பை (சாவியை), இப்போது அந்தக் கிராமங்களில் வாழ்பவர்களிடம் கொடுக்க வழிசெய்யுங்கள். திறப்போடு பொறுப்பையும் சம்பளத்தையும் ஊர்க்கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கட்டடங்களின் சொந்தக்காரர் ருமேனியாவின் சிபியு நகரில் தலைமையகம் உள்ள எவஞ்சலிக்கத் திருச்சபை. அது தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன். எந்த ஊரில் எதற்குக் காசு போகிறது, யாரைக் கேட்டுப் போகிறது என்பதில் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரியை ஆண்ட இரண்டாம் கேசா அரசர், தன் நாட்டின் கிழக்கு எல்லையைக் காக்கவும் அங்கே கிடந்த நிலத்தைப் பண்படுத்தவும் ரைன், மோசல் ஆற்றங்கரைகளிலிருந்தும் லக்சம்பர்க், ஃபிளாண்டர்ஸ் பக்கங்களிலிருந்தும் குடிகளை அழைத்தார். அவர்கள்தான் பிறகு சாக்சன்கள் என்று அறியப்பட்டார்கள். இன்றைக்கும் அவர்களின் பேச்சு லக்சம்பர்க் பேச்சுக்கு நெருக்கமானது. 1224இல் இரண்டாம் அந்திராஷ் அரசர் அவர்களுக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். தங்கள் குருவைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், தங்கள் வழக்கைத் தாங்களே தீர்க்கலாம், நடுவில் எந்தப் பிரபுவும் இல்லாமல் நேரே அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றது அந்தப் பட்டயம். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 500 வெள்ளி மார்க் வரி. நாட்டுக்குள் போர் வந்தால் 500 வீரர்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான உழவர்கள் பிரபுவின் நிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில், இது சின்ன விடயமில்லை.

ஆனால் அரசர் தூரத்தில் இருந்தார். 1241இல் மங்கோலியப் படை வந்து ஊர்களை அழித்தபோதும், 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஓட்டோமன் படைகள் கொள்ளையடிக்கவும் ஆட்களைப் பிடித்துப்போகவும் வந்தபோதும், கிராமத்தான் தன்னைத் தானே காக்க வேண்டியிருந்தது. நகரங்கள் தங்களைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டன. கிராமத்துக்கு அவ்வளவு வசதி ஏது? ஊரில் கல்லால் கட்டிய ஒரே கட்டடம் தேவாலயம். அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், கோபுரத்தில் அம்பு எய்யத் துளை வைத்தார்கள், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காவல் நடைபாதை அமைத்தார்கள், கீழே நிற்கும் எதிரி மேல் கொதிநீரும் கல்லும் கொட்டப் பொழிவாய்கள் விட்டார்கள். ஒரு காலத்தில் இப்படி முந்நூறு வரை இருந்தன என்பார்கள். இன்றைக்கும் 150க்கு மேல் நிற்கின்றன. ஐரோப்பாவில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இவற்றைக் காண முடியாது.

பிரெஷ்மேரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டார்ட்லாவ் என்று சொல்லும் ஊர், பிரஷோவ் நகரத்துக்குப் பக்கத்தில். நடுவில் சிலுவை வடிவத் தேவாலயம், அதைச் சுற்றி வட்டமாகச் சுமார் 12 மீற்றர் உயர மதில். அந்த மதிலின் உட்பக்கம் முழுக்க மாடி மாடியாக அறைகள், 270க்கும் மேல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை; கதவில் அவரவர் வீட்டு இலக்கம். மரத்தாழ்வாரமும் ஏணிப்படிகளும் மட்டுமே வழி. எதிரி வருகிறான் என்று மணி அடித்தால் 1,600 பேர் வரை உள்ளே வந்து தங்கலாம். பிள்ளைகளின் படிப்பு நிற்கக்கூடாது என்று மதிலுக்குள்ளேயே ஒரு பள்ளியறையும் இருந்திருக்கிறது. முற்றுகைக்குள்ளும் வகுப்பு நடந்த அந்த அறையில் நான் நெடுநேரம் நின்றேன். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் மரத்தடியில் படித்தவன் நான். அந்த அறையை விளங்கிக்கொள்ள எனக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை.

அமைதிக் காலத்திலும் அந்த அறைகள் சும்மா கிடக்கவில்லை. தானியம், விதை, உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி எல்லாம் அங்கேதான். பல ஊர்களில் இறைச்சிக்கென்றே ஒரு கோபுரம் உண்டு. ஒவ்வொரு வீடும் தன் துண்டில் தன் அடையாளத்தைப் பொறித்துத் தொங்கவிடும். வாரத்தில் குறித்த நேரத்தில் கோபுரத்தைத் திறப்பார்கள். வீட்டுக்காரர் வந்து அந்த வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டு போவார்.

இந்த வழக்கம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு ஊர் தார்ஜியு. அது உங்கள் ஊரல்ல. ஹங்கேரிய மொழி பேசும் செக்கெய் மக்களின் ஊர். அவர்கள் யூனிற்றேரியன் என்ற வேறொரு கிறித்தவச் சபையினர். உலகப் பாரம்பரியப் பட்டியலில் உங்கள் ஆறு கிராமங்களோடு ஏழாவதாக அதுவும் இருக்கிறது. அங்கே இப்போதும் மதிலுக்குள் இறைச்சி தொங்குகிறது, தானியப் பெட்டிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறார்கள், ஊரவர்கள் கத்தியோடு வருகிறார்கள். அந்த மதிலின் கூரையில் ஒரு ஓடு நழுவினால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். யாரோ ஒருவருடைய இறைச்சியில் மழைத்தண்ணீர் சொட்டும். அவர் சும்மா இருப்பாரா?

என் கோரிக்கை முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கிறது.

விஸ்கிரியையும் ரோவாதெஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஊராட்சியில், புனெஷ்டியில், உள்ள கிராமங்கள். விஸ்கிரியில் செக்கெய் மக்கள் கட்டிய சிறு ஆலயம் ஒன்றின் மேல்தான் சாக்சன்கள் தங்கள் தேவாலயத்தை எழுப்பினார்கள். பழைய ஆலயத்தின் தூண்முடிகள் இன்றும் உள்ளே உண்டு. வெள்ளைச் சுவர், மர நடைபாதை, குன்றின் மேல் மதில். ஊருக்குள் அகன்ற ஒரே தெரு. இருபக்கமும் நெருக்கமாக வீடுகள், முகப்பு தெருவைப் பார்த்து. சுவருக்கு நீலமும் பச்சையும் காவியும் கலந்த சுண்ணாம்பு. பெரிய மரப் படலை, உள்ளே வளவு, வளவின் பின்னால் குறுக்கே களஞ்சியம். சாயந்தரம் மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுக்கள் தெருவழியே வந்து தங்கள் தங்கள் படலையில் தாமாகவே திரும்பிப் போவதைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2006இல், அப்போது பிரித்தானிய இளவரசராக இருந்த சார்ள்ஸ் அங்கே ஒரு வீடு வாங்கினார். உலகம் முழுக்கப் பேர் தெரிந்தது.

ரோவாதெஷில் 2016 பிப்ரவரியில் தேவாலயக் கோபுரம் இடிந்து விழுந்தது. அதே மாதம், பிரஷோவிலிருந்து சிகிஷ்வாரா போகும் பெருந்தெருவில் உள்ள ரோத்பாவ் தேவாலயத்தின் கோபுரமும் விழுந்தது. நூற்றாண்டுகள் நின்ற இரண்டு கோபுரங்கள், ஒரே மாதத்தில். நீங்கள் ராடெல்ன் என்றும் ரோட்பாக் என்றும் அழைக்கும் ஊர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் என் நண்பர் இடைவேளையில் சாப்பிடாமல் இருந்தார். அவருடைய ஊர் வேறு, இருந்தும் சாப்பிடவில்லை.

ஒரே ஊராட்சியில் ஒன்று உலகச் சொத்து, மற்றொன்றின் கோபுரம் மண்ணில். பட்டியலில் ஒன்று இருந்தது, மற்றது இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. விஸ்கிரியில் ஆட்கள் நின்றார்கள். கரோலின் ஃபெர்னோலெண்ட் அந்த ஊரிலேயே பிறந்த சாக்சன் பெண். 1990இல் எல்லோரும் மூட்டை கட்டியபோது போகாமல் தங்கியவர். அவரும், பழைய கிராமங்களைப் பேணும் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளையும் சேர்ந்து ஊரில் இருந்த ருமேனியர்களுக்கும், மற்றவர்கள் ஜிப்சி என்று அழைத்த ரோமா மக்களுக்கும் கொத்தவேலையும் தச்சுவேலையும் சுண்ணாம்புப் பூச்சும் பழக்கி, அவர்களின் கையாலேயே வீடுகளைத் திருத்தினார்கள். ஒரு ஜேர்மன் தம்பதி 1999இல் தொடங்கிவைத்த முயற்சியில் ஊர்ப்பெண்கள் கம்பளிக் காலுறை பின்னி விற்றார்கள். வேலை இல்லாமல் இருந்த வீடுகளுக்குள் காசு வந்தது. அந்தக் காசு தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்களால்தான் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தேவாலயத்தின் மேல் ஒரு கண் வைத்திருக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கோடையில் வாகன நெரிசல், வெளியாட்கள் வீடு வாங்குவது போன்ற தொல்லைகளும் அங்கே வந்துவிட்டன. ஆனாலும் அவை ஆட்கள் உள்ள ஊரின் தொல்லைகள்.

என் நண்பரின் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேர் சொல்லமாட்டேன்; யாரையும் குறைசொல்ல இந்த மடல் இல்லை. நாங்கள் போனபோது மதில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திறப்பு வேண்டுமென்றால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். அழைத்தோம். திறப்பு வைத்திருப்பவர் பக்கத்து நகரத்தில் இருந்தார், பின்னேரம்தான் வருவார். காத்திருந்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். ருமேனியப் பெண், வயது எழுபது இருக்கும். எங்களைக் கையைப் பிடித்து மதிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், கூரையின் வடக்கு மூலையைக் காட்டினார். ஏழெட்டு ஓடுகள் இல்லை. மாரியில் பனியோடு சரிந்து விழுந்தவை. அவர் அவற்றைப் பொறுக்கி, உடையாததையெல்லாம் தன் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருந்தார். அந்தத் தாளில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னாராம். கோடைக்காலக் கூட்டத்தில் கதைப்போம் என்று பதில் வந்ததாம்.

அந்த ஓடுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தட்டையான ஓடு, கீழ்முனை வளைந்தது, முதுகில் சலாகையில் கொளுவ ஒரு சின்ன மூக்கு. ஈரக்களியில் யாரோ தன் விரல்களால் மேலிருந்து கீழாக இழுத்த கோடுகள். மழைநீர் வழிந்தோட அப்படி இழுப்பார்களாம். எந்தக் காலத்து விரல்களோ, என் விரல்கள் அந்தக் கோடுகளில் அப்படியே பொருந்தின.

பின்னேரம் கதவு திறந்தபோது உள்ளே கண்டது இதுதான்: அந்த மூலைக்கு நேர்கீழே வாங்கின் கால் கறுத்து, பலகைத் தரை உப்பி, ஓரத்தில் காளான். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம். ஆனால் ஓர்கன் இசைக்கருவி புத்தம் புதிதாகப் பளபளத்தது. உங்கள் நன்கொடையில் திருத்தியது, நன்றிப் பலகையும் இருந்தது. ஜேர்மன் மொழியில்.

கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் இதையேதான் செய்கிறோம். கோபுரத்துக்கு வர்ணம் பூச ஒரே கூட்டத்தில் காசு சேர்ந்துவிடும். மடைப்பள்ளிக் கூரைக்குக் கேட்டால் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். ஆனால் தண்ணீர் யாருடைய கூட்டத்துக்கும் காத்திருப்பதில்லை. ஓடு போன இடத்தால் இறங்கும் ஈரம் முதலில் சலாகையை உளுத்தும், அப்புறம் கைமரத்தின் நுனியை, பிறகு சுவர்த்தலையில் கிடக்கும் தீராந்தியை. தீராந்தி உளுத்தால் கூரையின் பாரம் நேரே கீழே இறங்காமல் சுவரை வெளியே தள்ளத் தொடங்கும். வளைவுக் கூரையில் வெடிப்பு வரும். பீலி அடைத்துக்கொண்டால் அத்திவாரத்தில் தண்ணீர் தேங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து கல்லைப் பிளக்கும். இதற்கு மேல் யாராவது நல்ல மனதோடு வந்து சீமெந்து பூசிவிட்டால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சீமெந்து உள்ளேயே பூட்டி வைத்து, பின்னால் உள்ள கல்லையும் சாந்தையும் கரைத்துவிடும். ஏழெட்டு ஓடு, ஒரு ஏணி, இரண்டு ஆளின் அரைநாள் வேலை. அந்த நேரத்தில் செய்தால் அவ்வளவுதான். பத்து மாரி போனால் பொறியியலாளரும் சாரமும் ஐரோப்பிய ஒன்றியத்து விண்ணப்பமும் வேண்டும்.

அந்த அம்மாவிடம் திறப்பும் ஒரு சின்னச் சம்பளமும், ஓடு மாற்றத் தெரிந்த ஒரு ஊர்ப் பையனைக் கூப்பிட அதிகாரமும் இருந்திருந்தால் வாங்கின் காலில் காளான் முளைத்திருக்காது.

நீங்கள் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் அவரிடம் திறப்பைக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. உங்கள் வீடுகளை உங்களிடமிருந்து பறித்தவர்கள் உண்டு. 1945 ஜனவரியில் 18 முதல் 30 வயதுப் பெண்களையும் 17 முதல் 45 வயது ஆண்களையும் கணக்கெடுத்து ரயிலில் ஏற்றி சோவியத் நாட்டுச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். ருமேனியாவிலிருந்து போன ஜேர்மானியர் சுமார் 70,000 பேர்; திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்த தாயை மட்டும் விட்டார்கள். என் நண்பரின் பாட்டியை விடவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயது. அதே ஆண்டு நிலத்தைப் பறித்தார்கள், வேறு ஆட்களைக் குடியேற்றினார்கள். 1948இல் உங்கள் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு சர்வாதிகாரி சௌசெஸ்கு ருமேனியாவை ஆண்ட காலத்தில் உங்களை விலைக்கே விற்றார்கள். மேற்கு ஜேர்மனி தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, 1967 முதல் 1989 வரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ருமேனியாவிலிருந்து மீட்டது. எல்லை திறந்த 1990இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போனார்கள். எண்ணூற்றாண்டு இருந்த ஊரில் ஒரு கோடைக்குள் ஆளில்லை. இதைச் சுமந்தவர்களிடம் "மறந்துவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இப்போது அந்த வீடுகளில் இருக்கும் மனிதர் அதைச் செய்தவர் இல்லை. ரோமா மக்கள் நேற்று வந்தவர்களும் இல்லை. பல கிராமங்களில் ஊரின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து, செங்கல் அறுத்து, இரும்படித்து, உங்கள் கல்யாண வீடுகளில் வாசித்து, உங்கள் வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள். 1942இல் ருமேனியாவை ஆண்ட அன்டோனெஸ்குவின் அரசு சுமார் 25,000 ரோமா மக்களை, போரில் தான் பிடித்துவைத்திருந்த டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடுகடத்தியது. அவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் பசியிலும் குளிரிலும் நோயிலும் செத்தார்கள். அவர்களுக்கும் திரும்பாத பாட்டிகள் உண்டு. அடுத்த ஆண்டில், 1943இல், நாசி ஜேர்மனியோடு ருமேனியா செய்த உடன்பாட்டின் கீழ் உங்கள் இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் எஸ்எஸ் படைக்குப் போனார்கள். இந்த மூன்றையும் ஒரே சுவரில் எழுதி வைக்கிற துணிவு உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் வெளியிடும் ஊர்ப் புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். கொத்துவேலை, திருவிழா, உடை, பரம்பரை எல்லாம் அவ்வளவு கவனமாகப் பதிந்திருக்கிறீர்கள். அந்த ஊரில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதில் ஒரு வரி படிக்க முடியாது. சிபியுவில் டொய்ட்ஷ் மாளிகை ஆவணக்காப்பகத்திலும் ஜேர்மனியில் குண்டெல்ஸ்ஹைம் நூலகத்திலும் உள்ளதில் ஒவ்வொரு ஊருக்கும் இருபது பக்கம் ருமேனிய மொழியில் எழுதி, அந்த ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள். எதிர்வீட்டு அம்மாவின் பேரப்பிள்ளை அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறவர்களுக்குத் தேவாலயத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும்.

உங்களிடமே இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்திருக்கிறது. தெருவுக்குத் தெரு அயலவர் கூட்டு. வீடு கட்டினால், கிணறு இறைத்தால், தீப்பிடித்தால், செத்தால் குழி வெட்ட, எல்லாவற்றுக்கும் அந்தக் கூட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். வராவிட்டால் தண்டம். தலைவரை எல்லோரும் "அயல் தந்தை" என்று அழைப்பார்கள். செய்தி சொல்ல வேண்டுமென்றால் செதுக்கிய மரப்பலகை ஒன்றை அனுப்புவார்கள். அது வீட்டுக்கு வீடு கைமாறிச் சுற்றி வரவேண்டும், யாரும் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் போன பிறகு சில ஊர்களில் ருமேனியர்களே இந்தக் கூட்டைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். பலகையை நீங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். கூட்டம் அங்கே நடக்கிறது. அவர்களோடு சேருங்கள். ஊர்ச் சங்கத்தில் அவர்களின் இரண்டு பிரதிநிதிகள் இருக்கட்டும். எந்த வேலைக்கு முதலில் காசு என்பதில் அவர்களுக்கும் வாக்கு இருக்கட்டும். அவர்கள் ஒருபோதும் ஓர்கனுக்கு முதல் வாக்குப் போடமாட்டார்கள், கூரைக்குத்தான் போடுவார்கள். மழை பெய்தால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே.

பியேர்தான் தேவாலயத்தின் பொருள்வைப்பறைக் கதவை உங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1572 முதல் 1867 வரை உங்கள் ஆயரின் இருப்பிடமாக இருந்த ஊர். விவாகரத்துக் கேட்டு வரும் கணவன் மனைவியை ஒரே அறையில் பூட்டி வைத்த கதையைத்தான் வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வார்கள். என்னை நிறுத்தியது 1515ஆம் ஆண்டின் அந்தப் பூட்டு. ஒரு திறப்பைத் திருப்பினால் கதவின் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பல தாழ்கள் பாயும். பாரிஸ் உலகக் கண்காட்சி வரை போய்வந்த பூட்டு. ஓட்டோமன் குதிரைப்படை ஊருக்குள் வரக்கூடிய காலத்தில் அப்படி ஒரு பூட்டு வேண்டும். இன்று ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வருகிறது, துளித்துளியாக. அதைப் பார்க்க ஒருவர் உள்ளே போய்வர வேண்டும், வாரத்தில் ஒரு தடவையாவது.

சிலர் சொல்லக்கூடும்: சபை உறுப்பினர் ஒருவரும் இல்லாத ஊரில், வேறு சபைக்காரரிடம் வழிபாட்டிடத்தை எப்படிக் கொடுப்பது? டிரான்சில்வேனியாவில் இருந்து இந்தக் கேள்வி வரக்கூடாது. 1568இல் தோர்தா நகரில் கூடிய டிரான்சில்வேனிய ஆட்சிமன்றம், எந்தக் குருவும் தன் விளக்கப்படி போதிக்கலாம், ஊர் விரும்பாத குருவை யாரும் திணிக்க முடியாது என்று தீர்மானித்தது. ருமேனியர்களின் ஓர்த்தடொக்ஸ் சபையை அது உள்ளே எடுக்கவில்லை என்பது அதன் குறை. அந்தக் குறையை இப்போதாவது நிரப்பலாமே. அதோடு, நான் கேட்பது பீடத்தை அல்ல. கூரையைப் பார்க்கும் உரிமையை, கதவைத் திறக்கும் வேலையை.

2015இல் சிபியுவில் தொடங்கிய கோட்டைத் தேவாலய அறக்கட்டளை இருக்கிறது. அதனிடம் ஆட்களும் அறிவும் உண்டு. ஆனால் 150 ஊருக்கும் ஒரு அலுவலகத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்க்க யாராலும் முடியாது. ஊருக்கு ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். அன்பளிப்பாக, கோடையில் வரும்போது கொடுக்கும் கோப்பிப் பொட்டலமாக அல்ல, மாதாமாதம். ஆண்டுக்கு இரண்டு தடவை, இலையுதிர்ந்த பிறகும் பனி உருகிய பிறகும், பீலி துப்புரவாக்கி ஓடு பார்க்க இரண்டு கூலியாட்களுக்கு ஒரு சின்ன நிதி வேண்டும். மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை அப்போஷ் கிராமத்தில் கையால் ஓடு செய்யும் சூளை ஒன்றை அமைத்துக் காட்டியது. அந்த வேலை தெரிந்த கைகள் அந்த நாட்டிலேயே இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் விழாவுக்கு மண்டபம் பிடிக்கிற உங்களுக்கு இது பெரிய தொகை இல்லை.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு 1951 முதல் ஜேர்மனியின் டிங்கெல்ஸ்ப்யூல் நகரில் கூடுகிறீர்கள். தெரு நிறைய உங்கள் உடையோடும் வாத்தியத்தோடும் போகும் ஊர்வலத்தை நானும் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலிருந்து, இப்போது அங்கே வாழும் ஒருவரைப் பயணச்செலவு கொடுத்து அழைத்து வாருங்கள். ருமேனியராக இருக்கட்டும், ரோமாவாக இருக்கட்டும். அவர் பேச ஒரு மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். கூரையைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

என் நண்பரின் ஊரிலிருந்து யார் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். சங்கம் சம்மதித்தால் அந்த அம்மாவின் விமானச்சீட்டை நான் எடுக்கிறேன். அவர் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கும் ஓடுகள் இன்னும் உடையவில்லை. வரும் மாரிக்கு முன் அவற்றை மேலே ஏற்றும் கூலியில் எங்கள் ஊர்ச் சங்கத்தில் சிலர் பங்குபோடத் தயாராக இருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

மதிப்போடும் அக்கறையோடும்,
உங்கள் ஊர்களை நேசிக்கும் ஒரு வலிகாமம் வடக்குக்காரன்